காலையில் பருப்பு, மாலையில் புளி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலைத் தனியாக அனுப்பாமல் இங்கேயே எழுதக் காரணம், இதே கேள்வியைப் புனேயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேறு பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் கல்கத்தா ஜாதவ்பூரில் ஆராய்ச்சி மாணவர். மாடியில் ஒற்றை அறை. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு கெட்டில். காலை ஒன்பதரைக்கு ஆய்வகத்துக்குப் போனால் திரும்ப இரவு ஒன்பது ஆகிறது. அதற்கு மேல் சமைக்கத் தெம்பில்லை; 8பி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு முட்டை ரோல், இல்லாவிட்டால் அறையில் நூடுல்ஸ். இரண்டு வருடத்தில் வயிறு கெட்டுவிட்டது. உங்கள் அக்கா, கல்யாணத்துக்குப் பரிசாக வந்து பிரிக்காமலே கிடந்த ஸ்லோ குக்கரைப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். "இதில் நம்ம ஊர்ச் சாப்பாடு வருமா அக்கா, இல்லை, இது வெள்ளைக்காரர்கள் ஸ்டூ வைக்கிற சாமானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரும். நன்றாகவே வரும். நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. கடந்த பல வருடங்களாக என் சமையலறையில் வாரம் நான்கு நாளாவது அது வேலை செய்கிறது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அந்த "வெள்ளைக்காரர் சாமான்" என்ற எண்ணத்தை உங்கள் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். நீங்கள் குடியிருக்கிற ஊருக்கே அதில் பங்கு இருக்கிறது.

நான் இங்கே வந்த புதிதில், கீழ் வீட்டு மாஷிமா ஒரு நாள் அலமாரிக்கு மேலிருந்து பழைய துணி சுற்றிய ஒரு சாமானை இறக்கிக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குப் பித்தளை உருளை. மேல்மூடியைத் திறந்தால் உள்ளே டிபன் கேரியர் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிண்ணங்கள். அடியில் கரித்துண்டுகள் போட ஒரு சின்னத் தட்டு. பித்தளை கறுத்துப் போயிருந்தாலும் கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் பொருந்தின. "இது இக்மிக் குக்கர்" என்றார். ஒரு கிண்ணத்தில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய், இன்னொன்றில் கறி என்று வைத்து, உருளையில் தண்ணீர் விட்டு, தட்டில் கொஞ்சம் கரி மூட்டி மூடிவிட்டால் போதும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். கரி தணிந்து அடங்கும்போது ஒரு வேளைச் சாப்பாடு முழுதும் வெந்திருக்கும்; பொழுது கழித்துத் திறந்தாலும் சூடு இருக்கும். மெஸ்ஸில் தங்கி ஆபீஸ் போன பிரம்மச்சாரிகளும், ரயில் பயணம் போன குடும்பங்களும் இதை வைத்துத்தான் சமாளித்தார்கள் என்று மாஷிமா சொன்னார். உங்களைப் போன்ற ஆட்களுக்காகவே செய்தது போலிருக்கிறது, இல்லையா?

அதை உருவாக்கியவர் இந்துமாதவ் மல்லிக். ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் 1869-ல் பிறந்தவர். இயற்பியல், சட்டம், மருத்துவம் எல்லாம் படித்தவர். சீனாவுக்குப் போய்வந்து வங்க மொழியில் பயண நூலும் எழுதினார். 1910-ல் இந்தக் குக்கர் வந்தது. ஹைஜீனிக், எகனாமிக் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் வால்களை ஒட்டவைத்தால் வருவதுதான் இக்மிக். சுத்தம், சிக்கனம் என்ற இரண்டையும் பெயரிலேயே சொல்லிவிட்டார். பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே அடுப்பில் சமைப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1917-ல், ஐம்பது வயது ஆகும் முன்பே இறந்துபோனார்.

அந்த வருடங்களை எண்ணிப் பாருங்கள். 1905-ல் வங்கப் பிரிவினை. அதை எதிர்த்து எழுந்த சுதேசி அலையில் 1906-ல் தேசியக் கல்வி மன்றம் தொடங்கியது. நீங்கள் படிக்கிற பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். அதே அலை அடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மருத்துவர் உட்கார்ந்து, படித்துவிட்டு வேலைக்குப் போகிறவன் என்ன சாப்பிடுகிறான் என்று யோசித்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. அவர் பெயரைத் தமிழ்நாட்டில் தெரிந்துவைத்திருப்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தமே.

நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. உங்கள் பாட்டியிடம் ருக்மணி குக்கர் தெரியுமா என்று கேளுங்கள். ஏறக்குறைய இதே அமைப்பு: உயரமான பாத்திரம், உள்ளே அடுக்குகள், அடியில் கரி. கும்பகோணத்தில் என் பாட்டி வீட்டில் ஒன்று இருந்தது. ஊருக்குப் போகும்போதும், வீட்டில் விசேஷம் வந்து கைகள் போதாதபோதும் அது வெளியே வரும். பிரஷர் குக்கர் வந்த பிறகு பரணுக்குப் போனது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய சூடாறாப்பெட்டியும் இந்தக் குடும்பம்தான். ஒரு கொதி வந்த சோற்றை அதில் வைத்து மூடினால் உள்ளே இருக்கிற சூட்டிலேயே வெந்துவிடும்.

இப்போது உங்களுக்கு வந்திருக்கிற மின்சாரக் குக்கர் அமெரிக்காவிலிருந்து வந்தது, உண்மை. ஆனால் அதன் கதையும் ஒரு பாட்டி வீட்டுக் கதைதான். யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பின் தணலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துவந்து சாப்பிடுவார்கள். இதை அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்த இர்விங் நாக்சன் என்பவர் மின்சாரத்தில் அதே தணலைக் கொண்டுவந்து 1940-ல் காப்புரிமை வாங்கினார். 1971-ல் அது க்ராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பூரியிலும் கல்கத்தாவிலும் கும்பகோணத்திலும் இருந்த அதே தணல்தான். வங்காளிகள் இதை டிமே ஆஞ்ச் என்பார்கள், அடங்கிய நெருப்பு.

சரி, சமையலுக்கு வருவோம். முதலில் நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

குக்கர் வாங்கிய முதல் வாரம். கூட வந்த சிறு புத்தகத்தில் "எல்லாவற்றையும் போட்டு மூடுங்கள்" என்று இருந்தது. நானும் துவரம்பருப்பு, முள்ளங்கி, புளிக்கரைசல், உப்பு, சாம்பார்ப்பொடி எல்லாவற்றையும் காலையிலேயே போட்டு, லோவில் வைத்துவிட்டுப் போனேன். எட்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது மணம் வாசல் வரை வந்தது. கரண்டியை விட்டால் பருப்பு அடியில் மணல் போல் நெருநெருத்தது. ஒரு பருப்பை எடுத்து நகத்தால் அழுத்தினேன். வெளியே மெத்தென்று இருந்தது, நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி, கல் மாதிரி. இன்னும் இரண்டு மணி நேரம் வைத்தும் அந்தப் புள்ளி கரையவில்லை.

காரணம் புளி. பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கிற பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாது. தக்காளியும் அப்படித்தான். நம் அம்மாக்கள் பருப்பைத் தனியாக வேகவைத்துப் புளியைத் தனியாகக் கொதிக்கவிட்டுப் பிறகு சேர்த்தது வெறும் பழக்கத்தால் அல்ல. பிரஷர் குக்கரின் வேகத்தில் இந்தத் தவறு சில சமயம் மறைந்துவிடும். மெதுவான சூட்டில் மறையாது.

இன்னொன்று தண்ணீர். ஜாதவ்பூர், சந்தோஷ்பூர், பிஜய்கர் பக்கம் பல கட்டடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். உங்கள் கெட்டிலுக்குள் பாருங்கள்: அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது உப்புத் தண்ணீர். அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் பருப்பை வேகவிடாது. குடிக்கிற தண்ணீரையே பருப்புக்கும் விடுங்கள்.

இனி சாம்பார். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் துவரம்பருப்பைக் கழுவி ஊறப்போடுங்கள். குளித்துவிட்டு வருவதற்குள் ஊறிவிடும். பீங்கான் பாத்திரத்தின் அடியில் முள்ளங்கி, பூசணி, கேரட் எது இருந்தாலும் பரப்புங்கள். கெட்டியான காய்க்குத்தான் இதில் அதிக நேரம் பிடிக்கும், அதனால் சூடு முதலில் படுகிற இடத்தில் அது இருக்க வேண்டும். மேலே பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், இரண்டு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைத்து விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் பாத்திரம் சூடாகவே ஒன்றரை இரண்டு மணி நேரம் போய்விடும். உணவு அவ்வளவு நேரம் வெதுவெதுப்பில் கிடப்பது நல்லதல்ல. மூடி, லோவில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு வந்ததும் மத்தால் ஒரு சுற்று. பருப்பு வெண்ணெயாகக் கரையும். அப்போது புளி, உப்பு, சாம்பார்ப்பொடி சேர்த்து ஹைக்கு மாற்றுங்கள். கை கால் கழுவி, சோறு வடித்து, அம்மாவிடம் போனில் பேசி முடிக்க அரை மணி ஆகுமா? சாம்பார் தயார். கடுகு, மிளகாய், பெருங்காயம், கருவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். இந்தத் தாளிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்லோ குக்கரில் எதுவும் சிவக்காது, பொரியாது. நாள் முழுதும் மூடிக் கிடந்த பருப்புக்கு அந்த அரை நிமிட எண்ணெய்தான் உயிர் தருகிறது. கருவேப்பிலை, நல்லெண்ணெய், சாம்பார்ப்பொடி எல்லாம் லேக் மார்க்கெட் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். மாதம் ஒரு முறை போனால் போதும்.

லோ, ஹை பற்றி ஒரு வார்த்தை. லோ என்றால் கடைசி வரை குறைந்த சூடு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் முடிவில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. லோவில் அங்கே போய்ச் சேர அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான். வார்ம் என்பது சமைப்பதற்கல்ல, வெந்ததைச் சூடாக வைத்திருக்க.

சோற்றை இதில் வைக்காதீர்கள். குழைந்துவிடும் என்பது ஒரு காரணம். இந்த ஊருக்கென்று வேறொரு காரணமும் உண்டு. வங்காளத்தின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பதும் அது அரிசியிலும் ஏறுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுத் துறைதான் அதைக் கிராமம் கிராமமாக அளந்து உலகுக்குச் சொன்னது. அரிசியை நன்றாகக் களைந்து, ஆறு பங்கு நல்ல தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துவிட்டால் ஆர்சனிக்கில் கணிசமான பங்கு வெளியே போய்விடும் என்றும் அங்கிருந்தவர்களே ஆராய்ந்து காட்டினார்கள். இங்கே பழைய வீடுகளில் சோறு வடிப்பதும் அப்படித்தான், தஞ்சாவூரில் வடிப்பதும் அப்படித்தான். வடித்த கஞ்சியை இங்கே ஃபேன் என்பார்கள். 1943 பஞ்சத்தில் சோறு கேட்கக்கூட நாவெழாமல் கல்கத்தா வீட்டு வாசல்களில் ஜனங்கள் கையேந்திக் கேட்டது இந்த ஃபேனைத்தான். இன்றும் மாஷிமா வீட்டில் வடிக்கும்போது அந்தப் பேச்சு வரும். உங்கள் இண்டக்‌ஷனில் ஒரு பாத்திரத்தில் சோறு வடிக்க இருபது நிமிடம். சாம்பாரில் புளி கொதிக்கிற நேரம்தான்.

அடுத்து, குக்னி. 8பி பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்பதை நீங்களே வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். காய்ந்த மஞ்சள் பட்டாணி. நம் மெரினா சுண்டலின் வங்காளத்துத் தங்கை. ஸ்லோ குக்கருக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் நான் பார்த்ததில்லை. இரவு பட்டாணியை ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இண்டக்‌ஷனில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு குக்கருக்கு மாற்றி, இஞ்சி, சீரகத்தூள், மஞ்சள், இரண்டு உருளைக்கிழங்குத் துண்டு போட்டு லோவில் விடுங்கள். மாலையில் பாதிப் பட்டாணி கரைந்து குழம்பாகியிருக்கும், மீதிப் பாதி முழுதாக நிற்கும். அந்தக் கலவைதான் குக்னியின் அழகு. பிரஷர் குக்கரில் ஒரு விசில் கூடினாலும் எல்லாம் கூழாகிவிடும். மேலே பல்லு பல்லாகக் கீறிய தேங்காய், பச்சை வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, ஒரு ஸ்பூன் புளித்தண்ணீர். ஒரு முறை செய்தால் இரண்டு வேளை.

அந்தப் பத்து நிமிடக் கொதியை ராஜ்மா விஷயத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும்; கொதிக்காத சூட்டில் அழியாது, இன்னும் வீரியம் கூடவும் செய்யும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டி, கொதிக்கவைத்து, அப்புறம்தான் குக்கர்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன். இந்த ஊரில் ஞாயிறு காலை கறிக்கடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். எலும்பும் சவ்வும் உள்ள தொடைக்கறி, கழுத்துக்கறி கேட்டு வாங்குங்கள். மெல்லிய சூட்டில் சவ்வு உருகிக் குழம்புக்குக் கெட்டித்தன்மை தரும். வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலா, கறி எல்லாவற்றையும் முதலில் வாணலியில் எண்ணெய் பிரியும்வரை வதக்கியே ஆக வேண்டும். அடியில் பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு, மேலே கறி. தண்ணீர் வழக்கமாக விடுவதில் பாதி போதும், ஏனென்றால் இதில் ஆவி வெளியே போகாது, மூடியில் முட்டித் திரும்ப விழும். காலை பத்து மணிக்கு வைத்து மாலை ஆறுக்கு எலும்பை எடுத்தால் கறி தானே கழன்று விழும். ஃப்ரீசரில் இருந்து கல்லாக எடுத்த கறியை நேராகப் போடக் கூடாது.

வேண்டாதவை சில: மீன் கரைந்துவிடும், வங்காளிகள் மீன் ஜோலைக் கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுகிறார்கள், அதுதான் சரி. கீரை நிறம் கெடும். ரசம் நுரைத்தவுடன் இறக்க வேண்டியது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேங்காய்ப்பால் கடைசியில்தான்.

மின்சாரச் செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஒன்றரை லிட்டர், 120 வாட். எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் கூட முழுதாக ஆகாது. உங்கள் இண்டக்‌ஷனை 1,500 வாட்டில் நாற்பது நிமிடம் ஓட்டினால் அதே ஒரு யூனிட். பணத்தில் பெரிய மிச்சம் என்று சொல்லமாட்டேன். மிச்சமாவது இரவு ஒன்பது மணிக்கு அடுப்படியில் நிற்கிற உங்கள் கால்கள்.

ஆளில்லாத அறையில் ஓடுகிற சாமான் என்பதால் கொஞ்சம் கவனம் வேண்டும். சுவரில் இருக்கிற ப்ளக்கிலேயே நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். கல் மேடையிலோ ஓடு பதித்த தரையிலோ வையுங்கள்; சுற்றிலும் ஒரு சாண் இடம், பக்கத்தில் திரைச்சீலையோ புத்தக அடுக்கோ கூடாது. இடையில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், ஒரு முறை திறந்தால் இழந்த சூடு திரும்ப அரை மணி ஆகும். சித்திரை, வைகாசியில் கால்பைசாகிப் புயல் சாயங்காலம் அடித்துக் கரண்டு போகிற நாட்கள் வரும். கரண்டு எவ்வளவு நேரம் இல்லை என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். திறக்கும்போது ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாக இருந்தால், மனசு வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள். திரும்பச் சூடாக்கிச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது: "சாப்பிடாமல் படுத்துவிடுவதும் உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். முனைவர் பட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் அந்த வரியை நீங்கள் மறந்துவிட வேண்டும். அக்காவின் பெட்டியை இந்த வாரமே பிரியுங்கள். முதல் நாள் சாம்பார்கூட வேண்டாம், வெறும் பருப்பை வையுங்கள். இரவு வந்து உப்பு, நெய் சேர்த்து, வடித்த சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். எப்படி வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
ஜாதவ்பூர்